முதலில் தண்ணீரைப் பாருங்கள்: கொங்குப் பக்கம் குளியல் பொடியும் சோப்பும் செய்யத் தொடங்குபவர்களுக்கு

வீட்டிலேயே குளியல் பொடி அரைக்கலாம், சோப்பு ஊற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் நேராகப் போய் நிற்பது நாட்டு மருந்துக் கடையில்தான். சீட்டில் எழுதிக்கொண்டு போன இருபது சரக்கையும் ஐம்பது ஐம்பது கிராமாகக் கட்டச் சொல்லி, மொத்தமாக மில்லில் கொட்டி அரைத்து வருகிறார்கள். இதில் பூலாங்கிழங்கு எதற்கு, கோரைக்கிழங்கு எதற்கு என்று கேட்டால், "எல்லாம் உடம்புக்கு நல்லதுதானுங்க" என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அழுக்கை எடுப்பது, எண்ணெயை எடுப்பது, ஈரம் போகாமல் காப்பது, தேய்க்கச் சொரசொரப்புத் தருவது, நிறம், மணம் என்று வேலைகள் மொத்தமே ஆறேழுதான். வேலை சொல்ல முடியாத சரக்கைச் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். செலவும் குறையும், தோல் அரித்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவும் முடியும்.

சரக்கைப் பற்றிப் பேசும் முன் தண்ணீரைப் பார்த்துவிடுவோம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் எந்தச் சோப்பைப் போட்டாலும் நுரை பொங்கும். அதே சோப்பைப் பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்துப் போர் தண்ணீரில் தேய்த்தால் பல வீடுகளில் நுரையே வராது. வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டும், தலைமுடி பிசுபிசுக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாக மாறுவதுதான் காரணம். சோதனை எளிது. இரண்டு பாட்டிலில் ஒரே அளவு தண்ணீர் எடுங்கள், ஒன்றில் உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் நகக்கண் அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நுரை இல்லாமல் நின்றால், உங்கள் செய்முறையை அதற்கேற்றபடி அமைக்க வேண்டும். எப்படி என்பதைச் சோப்புப் பகுதியில் சொல்கிறேன்.

அரப்பில் தொடங்குங்கள்

கொங்குப் பக்கம் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரமான காஸ்டிக் சோடாவைத் தொடும் முன் அரப்பைத் தொட வேண்டும் என்பது என் கட்சி. உசில மரம் என்றும் ஊஞ்ச மரம் என்றும் சொல்லும் மரத்தின் இலைதான் அரப்பு. மானாவாரிக் காட்டிலும் கரட்டு ஓரத்திலும் தானாக வளரும், புளிய இலையைவிடப் பொடிப் பொடியான இலை. அதில் சப்போனின் என்ற நுரைக்கும் சத்து இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அழுக்கை எடுப்பதும் அதே வகைச் சத்துதான். சோப்புக்குள்ள குறை இதற்குக் கிடையாது, மேலே சொன்ன போர் தண்ணீர் மாதிரியான உப்புத் தண்ணீரோடு சேர்ந்து கசடாகத் திரியாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அரப்பை விடாமல் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இலையை நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். மூன்று நான்கு நாளில், கையில் எடுத்து நொறுக்கினால் சடசடவென்று பொடியும் பதம் வரும். ஈர்க்கையும் காம்பையும் பொறுக்கிவிட்டு அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுவது அவசியம், அரப்புத் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. குளிக்கும்போது தேவையான அளவு எடுத்து வடிகஞ்சியில் குழைத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்ணில் பட்டால் எரியும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு தேய்க்க வேண்டும். இலை கிடைக்காவிட்டால் சந்தையில் பொடியாகவே வாங்கலாம். பசுமை மாறாமல், பச்சை இலை வாடை தூக்கலாக இருப்பது புதுசு. வைக்கோல் மாதிரி வெளுத்துப் போனது போன வருடச் சரக்கு.

குளியல் பொடி

அடுத்தது உடம்புக்குத் தேய்க்கும் பொடி. நான் சொல்லும் அளவில் ஆறே சரக்குதான்: பச்சைப்பயறு அரை கிலோ, காய்ந்த ஆவாரம்பூ 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், பன்னீர் ரோஜா இதழ் இவை ஒவ்வொன்றும் 50 கிராம். பயறு அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், அதனால்தான் அது பாதிக்கு மேல். மற்றவை மணத்துக்கும் நிறத்துக்கும் லேசான சொரசொரப்புக்கும். ஆவாரை நம் பக்கத்துச் செடி. ரோட்டோரத்தில் பறிப்பதைத் தவிர்த்து, புகையும் தூசியும் படாத காட்டுப்பக்கம் பறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிவேரை அப்படியே மில்லில் போட்டால் நாராகச் சுற்றிக்கொள்ளும். மண் போகக் கழுவிக் காய வைத்து, கத்தரியால் அரை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொண்டு போங்கள். மில்லில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். சீயக்காய் அரைக்கத் தனி மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே மெஷினில் உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அன்றைக்குக் குளியல் மறக்க முடியாததாகிவிடும். தனி மெஷின் இல்லையென்றால் ஒரு பிடி பச்சரிசியை முதலில் ஓட்டித் தள்ளிவிட்டு, அப்புறம் உங்கள் சரக்கைப் போடச் சொல்லுங்கள். அரைத்து வந்ததும் சூடு ஆறப் பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு, பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் எதை எதையோ விற்கிறார்கள். நல்ல கஸ்தூரி மஞ்சளுக்குத் தனி மணம் உண்டு, சமையல் மஞ்சள் மாதிரி கையில் கறை ஏறாது. பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி, கடையிலேயே ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். சமையல் மஞ்சளுக்கும் இதே வழிதான். பொடியில் நிறத்துக்காக மெட்டானில் மஞ்சளோ ஈயக் குரோமேட்டோ கலப்பது நாடு முழுக்க உள்ள பழைய தில்லுமுல்லு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சள் விளையும் மண்ணில் இருந்துகொண்டு, எங்கிருந்தோ வந்த பாக்கெட் பொடியை வாங்க வேண்டியதில்லை. விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளலாம்.

சீட்டில் வழக்கமாக இருந்தும் நான் விட்டுவிட்ட சரக்கு கார்போக அரிசி. அதில் சோராலின் என்ற பொருள் இருக்கிறது. தோலில் சோராலின் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். வெண்புள்ளிக்கு மருந்தாகச் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் கொடுக்கிறார்கள் என்றால், அது வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது. குளித்துவிட்டுக் காட்டு வேலைக்கோ பைக்கிலோ கிளம்புகிறவர்கள் தினமும் தேய்க்கும் பொடியில் அதற்கு இடம் இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் நேராகப் பூசிக்கொண்டு வெளியே போகக் கூடாது என்பதற்கும் இதுவேதான் காரணம், அந்த வகைப் பொருள் எலுமிச்சையிலும் உண்டு. இயற்கையானது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கைக்குழந்தைகளிடம் பொடி வேண்டாம், தூசி மூச்சில் போகும்.

எண்ணெய் வாங்குவது

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் போனால் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்வதைப் பார்க்கலாம். பெருந்துறையிலும் அவல்பூந்துறையிலும் பருப்புக்கு ஏலம் நடக்கிறது. ஆகவே தேங்காய் எண்ணெய்க்கு நமக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எந்த எண்ணெயை எதற்கு என்பதில் பலர் காசை வீணாக்குகிறார்கள். மரச்செக்கில் ஆட்டிய விலை கூடிய எண்ணெயைச் சோப்பில் ஊற்றினால், அதன் மணமும் நுண்சத்தும் பெரும்பாலும் காஸ்டிக்கோடு போய்விடும். சோப்புக்குச் சாதாரண மில் எண்ணெய் போதும். செக்கு எண்ணெயைத் தோலில் தங்கப் போகும் தைலத்துக்கும் களிம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரச்செக்குக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பருப்புக்குக் கந்தகப் புகை போட்டதா என்பது. பூசணம் பிடிக்காமல் இருக்கப் புகை போடுவது உண்டு. போடாத பருப்பு கொஞ்சம் நிறம் மங்கி இருக்கும், பரவாயில்லை.

கடையில் பாட்டிலில் வரும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் சிலவற்றில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் கலந்திருக்கும். லேபிளில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மினரல் ஆயில் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகவே மாறாது. அளவு எல்லாம் சரியாகப் போட்டும் சோப்பு இறுகாமல் எண்ணெய் மிதக்கிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

விளக்கெண்ணெய், நம் பக்கத்துப் பேச்சில் கொட்டமுத்து எண்ணெய், நுரையைக் கெட்டியாக நிற்க வைக்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் சோப்பு பிசுபிசுக்கும். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் வேலை ஒன்றுதான், தேங்காய் எண்ணெயின் வறட்டுத்தன்மையைத் தணிப்பது. நல்லெண்ணெயின் வாசம் சோப்பிலும் கொஞ்சம் நிற்கும், பிடித்தவர்கள் போடலாம். வேப்பெண்ணெயை இருபதில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் வீட்டில் மற்றவர்கள் அந்தச் சோப்பைத் தொட மாட்டார்கள்.

குதிகால் களிம்பு

சோப்புக்கு முன் கைப்பழக்கத்துக்கு ஒரு களிம்பு செய்து பார்க்கலாம். செக்குத் தேங்காய் எண்ணெய் 80 கிராம், தேன்மெழுகு 20 கிராம். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதனுள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். 62 டிகிரியைத் தாண்டினால் மெழுகு உருகிவிடும், நேரடித் தீ வேண்டாம். உருகியதும் எண்ணெயை ஊற்றிக் கலக்கி டப்பாவில் விட்டால் ஆறியதும் இறுகும். சித்திரை வெயிலில் இளகினால் அடுத்த முறை மெழுகை 25 கிராம் ஆக்குங்கள். மெழுகில் தேன் வாசம் வர வேண்டும். மெழுகுவத்தி வாசம் வந்தால் பாரஃபின் கலந்தது.

எண்ணெயில் மூலிகை ஊற வைக்க ஆசைப்பட்டால், மூலிகை முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சைச் செம்பருத்தியையோ கற்றாழையையோ எண்ணெயில் போட்டுச் சும்மா ஊற வைத்தால், அதன் ஈரத்தில் பூசணம் வளரும். தண்ணீர் படாத பொருள் பல மாதம் நிற்கும், தண்ணீர் சேர்ந்தது நாள் கணக்கில் கெடும். கற்றாழைச் சோறும் பன்னீரும் சேர்த்த கிரீமைப் புதியவர்கள் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. வைட்டமின் ஈ ஊற்றினால் கெடாது என்று சொல்வார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப் போடுமே தவிர கிருமியைத் தடுக்காது. கற்றாழை வேண்டுமானால் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே அரைத்துப் பூசி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சோப்பு

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. கெமிக்கலே இல்லாத சோப்பு என்று விற்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது கடையில் வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி மறுபடி ஊற்றுகிறார். திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாகப் புழங்கும் அதே சரக்குதான் காஸ்டிக் சோடா. எண்ணெயோடு முழுமையாகச் சேர்ந்து சோப்பும் கிளிசரினுமாக மாறிய பிறகு கட்டியில் காஸ்டிக்காக எதுவும் மிஞ்சாது. மிஞ்சாமல் இருக்க அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகத்துக்குச் சரக்கு விற்கும் கெமிக்கல் கடையில் தூய்மை அளவு லேபிளில் போட்ட டப்பாவாக வாங்குங்கள். சாக்கில் இருந்து அள்ளிக் கொடுப்பது வேண்டாம்.

உப்புத் தண்ணீர் வீட்டுக்கு என்று பார்த்துப் போட்ட அளவு இது. தேங்காய் எண்ணெய் 300 கிராம், கடலை எண்ணெய் 150 கிராம், கொட்டமுத்து எண்ணெய் 50 கிராம். காஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 150 கிராம். மற்ற எண்ணெயில் செய்த சோப்புக்கு நுரை வராத தண்ணீரிலும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு நுரைக்கும், அதனால் அது அறுபது சதவீதம். அந்த அளவு தேங்காய் எண்ணெய் தோலை வறட்டும் என்பதால், எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கத் தேவையானதைவிட எட்டு சதவீதம் காஸ்டிக்கைக் குறைத்திருக்கிறேன். அதனால் மிஞ்சும் எண்ணெய் சோப்பாக மாறாமல் கட்டியிலேயே நின்று தோலைக் காக்கும். கடலை எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் போட்டாலும் காஸ்டிக் தேவை ஏறக்குறைய அதேதான். வேறு எந்த எண்ணெயை மாற்றினாலும் கணக்கு மாறும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும், கொட்டமுத்து எண்ணெய்க்கு 0.128 போதும்.

எல்லாவற்றையும் எடையில்தான் அளக்க வேண்டும், மில்லியில் வேண்டாம். அரை லிட்டர் எண்ணெய் சுமார் 460 கிராம்தான் வரும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள்.

கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, காற்றோட்டமான இடத்தில் வேலையை வையுங்கள். பாத்திரம் எவர்சில்வர்தான். அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் பொங்கிப் பாத்திரத்தையே அரிக்கும், தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். தண்ணீரை முதலில் வைத்து, அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். ஒருபோதும் காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறித்துவிடும். கரைசல் தானாகவே 80 டிகிரிக்கு மேல் சூடேறும், எழும் ஆவியை முகர வேண்டாம். கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் குழாயைத் திறந்து நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் தனித்தனியே ஆறி, பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கரைசலை எண்ணெயில் ஊற்றுங்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் முதலில் உருக்கிக்கொள்ள வேண்டும். கைப் பிளெண்டரால் விட்டு விட்டு அடித்தால் சில நிமிடத்தில் கலவை கெட்டிப்படும். கரண்டியில் எடுத்து மேலே சொட்டினால் சொட்டு உடனே மறையாமல் கோடாக நிற்கும் பதம், தோசை மாவு மாதிரி. பொடியோ வாசனையோ சேர்ப்பது இந்த நேரத்தில்தான். பட்டர் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் கையுறையோடு வெளியே எடுத்து வெட்டினால் 100 கிராம் அளவில் ஏழு கட்டி கிடைக்கும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதியவர்கள் பதறுவது இங்கேதான். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலவையில் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். எதுவும் கெடவில்லை. சட்டையில் பட்ட மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் சிவக்கும், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி ஆகும், எல்லாம் ஒரே காரணம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சோப்பு ஆற ஆற அந்தச் சிவப்பு தணிந்து காவி கலந்த மஞ்சளுக்கு வரும். வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். வேப்பிலைப் பொடியின் பச்சை சில வாரத்தில் பழுப்பாகும். செம்பருத்தியும் ரோஜா இதழும் காரத்தில் கருத்துவிடும், மேலே அலங்காரமாகத் தூவிய ரோஜா இதழ் எலிப்புழுக்கை மாதிரி தெரியும் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். சத்தியமங்கலம் மல்லிகையைக் காய வைத்துச் சேர்த்தாலும் மணம் நிற்காது. மல்லிகை மணக்கும் வீட்டுச் சோப்பில் இருப்பது பெரும்பாலும் வாசனை எண்ணெய்தான். ஆட்டுப்பால் சேர்க்க நினைப்பவர்கள் பாலை ஐஸ் கட்டியாக உறைய வைத்துக்கொண்டு, அதன் மேல் காஸ்டிக்கை மெல்லத் தூவ வேண்டும், இல்லையென்றால் பால் கருகி வாடை வரும். அதை முதல் சோப்பில் முயல வேண்டாம்.

வெட்டிய கட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிழலில், காற்றுப் படும்படி அடுக்கி நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். ஈரம் வற்றினால்தான் கட்டி சீக்கிரம் கரையாமல் நிற்கும். ஆடிக் காற்றில் நன்றாகக் காயும். ஐப்பசி மழையில் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாக வேர்க்கும், துடைத்துவிட்டால் போதும். உபயோகிக்கும் முன் ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று மின்சாரம் அடித்த மாதிரி இருந்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது, இன்னும் சில வாரம் விடுங்கள். அப்போதும் சுருக்கென்றால் அந்தச் சோப்பைத் தோலில் போடாதீர்கள்.

விற்பதாக இருந்தால்

வீட்டுக்கும் உறவுக்கும் செய்வது வேறு, காசுக்கு விற்பது வேறு. 1940ஆம் வருடத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்திலும் 2020ஆம் வருடத்து அழகுசாதனப் பொருள் விதிகளிலும் குளியல் சோப்பு அடங்கும். விற்பனைக்காகத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். உரிமம் உள்ள ஒருவருடைய கூடத்திலேயே உங்கள் பெயரில் செய்து தரும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. விவரத்துக்கு முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

லேபிளில் சேர்த்த எல்லாப் பொருளையும் எழுத வேண்டும். குறிப்பாகக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இருப்பதை மறைக்கக் கூடாது, சிலருக்கு அவை ஒவ்வாது. செய்த தேதியும் தொகுதி எண்ணும் போட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை எடுத்து வைத்திருங்கள், யாராவது அரிப்பு என்று வந்தால் எடுத்துப் பார்க்கலாம். "சொறி சிரங்கு போகும்", "கரும்புள்ளி மறையும்" என்று எழுதினால் கதை மருந்துக் கணக்குக்குப் போய்விடும், அதற்கு வேறு உரிமம், வேறு சோதனை. "மஞ்சள் சேர்த்த குளியல் சோப்பு" என்று எழுதினால் போதும்.